கயெத்தானோ வீட்டு ரெலிபோன்

ஜனவரி 14, ஞாயிறு

புது வேலை தொடங்கி ஒரு வாரம். ஊரில், இளவாலையில் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவன், இங்கே பலெர்மோவில் ஒரு கிழவருக்குச் சவரம் செய்துவிடுகிறேன். கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்றுமில்லை.

அவர் பெயர் கயெத்தானோ. எங்கள் பக்கத்தில் கயித்தான் என்று வைக்கும் அதே புனிதரின் பெயர். வயது எண்பத்தாறு. என் மகள் கொன்சலா பல வருடமாக இந்த வீட்டைக் கூட்டித் துடைத்து வருகிறாள். கிழவருக்குக் காது நன்றாகக் குறைந்த பிறகு, பகலில் பக்கத்தில் இருக்க ஓர் ஆள் வேண்டுமென்று என்னைக் கொண்டுவந்து விட்டாள்.

காதுக் கருவியை அவர் போடுவதில்லை. ரெலிபோனுக்குக் கிட்டக் கொண்டுபோனால் கூவுகிறதாம். கண்ணும் மங்கல், எழுத்து வாசிக்க முடியாது. எதிரே இருப்பவரின் வாயைப் பார்த்து, மிச்சத்தை வலது காதால் பிடித்து விளங்கிக்கொள்கிறார். அவருடைய ஆட்கள் கடகடவென்று பேசுகிறார்கள், அவருக்குப் பிடிபடாது. நான் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசுவதால் என் பேச்சு மட்டும் பிடிபடுகிறது. புது மாணவன் கரும்பலகையில் எழுதும் எழுத்தைக் கடைசி வாங்கிலிருந்தும் வாசிக்கலாம் இல்லையா, அதுபோல.

ஆகவே இந்த வீட்டு ரெலிபோன் என் பொறுப்பு. அவருடைய மகள் ரொசெல்லாவுக்கு வடக்கே தொரினோவில் ரயில்வே அலுவலகத்தில் வேலை. ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அழைப்பு எடுப்பார். அவர் சொல்வதைக் கேட்டு நான் கிழவருக்குச் சொல்ல வேண்டும். கிழவர் என் தோளில் கையை வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் அதை வாங்கி ரெலிபோனுக்குள் சொல்ல வேண்டும்.

இங்கே ரெலிபோனை எடுத்ததும் “ப்ரொந்தோ” என்கிறார்கள். தயார் என்று அர்த்தம். இன்று தயாராகுமுன்னமே நானும் அதைச் சொன்னேன்.

“ஆர், புது மாஸ்ரரோ?” என்றார் ரொசெல்லா. “ஆறுதலாக் கதையுங்கோ. எனக்கும் அவசரமில்லை.”

அவர்கள் பேசும் இத்தாலியனை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்குள் அப்படித்தான் விழுகிறது.

ஜனவரி 16

மருந்துக் கடைக்கு முதல் தடவையாக நானே அழைப்பு எடுத்தேன். சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதி, கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்து, பிறகு எடுத்தேன். நான் எழுதியபடி நான் சொன்னேன். கடைக்காரி நான் எழுதியபடி பதில் சொல்லவில்லை. அதுதான் சிக்கல். ஒத்திகையில் இருவரும் நானே.

வகுப்பில் ஒரு பிள்ளைக்கு விளங்கவில்லை என்றால் கண்ணிலேயே தெரியும். ரெலிபோனில் கண் இல்லை. இருட்டு அறையில் சோதனைக் குழாயைக் கையால் தடவிப் பார்ப்பதுபோல இருக்கிறது.

கொன்சலா வாசலில் நின்று பார்த்துச் சிரித்தாள். “ஏன் அப்பா எழும்பி நிக்கிறியள்? மருந்துக்கடைக்காரி என்ன பள்ளிக்கூட அதிபரோ?”

“மரியாதை குரலில தெரியும், பிள்ளை.”

“ஓமோம். தலையை வேற ஆட்டினீங்கள். அதுவும் தெரிஞ்சிருக்கும்.”

மருந்து சரியாகவே வந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று அப்பனுக்கும் மகளுக்கும் சண்டை. நத்தார்ப் பண்டிகைக்கு ஏன் வரவில்லை என்று இவர். பத்து வருடமாக நீங்கள் ஒருதரம் இங்கே வந்தீர்களா என்று அவர். தாய் இறந்த வருடமே ரொசெல்லா வடக்கே போய்விட்டாராம். அந்தக் கோபம் இவருக்கு இன்னும் ஆறவில்லை.

என் வழியாகச் சண்டை பிடிப்பது கடினம். ஒருவரின் கோபம் எனக்குள் போய், நான் சொல் தேடி, மற்றவரிடம் போய்ச் சேருமுன் பாதி ஆறிவிடுகிறது. மிச்சப் பாதியை நானும் கொஞ்சம் ஆற்றினேன். “அவர் ஒரு கோவேறு கழுதை” என்றார் ரொசெல்லா. “நீங்கள் உறுதியான ஆள் எண்டு சொல்லுறா” என்றேன். கிழவர் மகிழ்ந்துபோனார். அவர் சொல்வதை மட்டும் என்னால் தொட முடியாது. தோளில் கையை வைத்து, என் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.

கடைசியில் ரொசெல்லா சிரித்தார். “மாஸ்ரர், நீங்கள் வந்த பிறகு அப்பா நல்லவராயிட்டார். கெட்டிக்காரன்!”

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

பெப்ரவரி 4, ஞாயிறு

ரெலிபோனை எடுத்ததும் ரொசெல்லா, “அப்பா பக்கத்தில நிக்கிறாரோ?” என்று கேட்டார். கழிவறைக்குப் போயிருந்தார். “அப்ப நீங்கள் இருங்கோ மாஸ்ரர்.” நான் இருந்தேன்.

ரொசெல்லாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுக்க முடியாதாம். கோடையைக் காண்பது கடினம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அவரே பாடம் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு சொல்லும் தவறாமல் விளங்கியது. கணையத்தை நான் எத்தனை வகுப்புக்கு வரைந்து காட்டியிருப்பேன். இரைப்பைக்குப் பின்னால், மாவிலை கிடப்பதுபோல. எந்தப் பிள்ளையும் அதை முதல் தடவையில் சரியாக வரைந்ததில்லை.

“நான் சொன்னபடியே அப்பாட்டச் சொல்லுங்கோ. வரச்சொல்லிக் கேக்காதேங்கோ. அவருக்குத் தெரிஞ்சாக் காணும். வாறதெண்டா அவராய் வரட்டும்.”

கிழவர் வந்து தோளில் கையை வைத்தார். என்னவாம் என்று கேட்டார்.

ரொசெல்லாவுக்கு வயிற்றில் புண், மருந்து கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

இடிபோன்ற செய்தியை எண்பத்தாறு வயதுக்காரரின் முகத்தில் எப்படிப் போடுவது? எங்களில் யார் போடுவோம்? முதலில் “கொஞ்சம் சுகமில்லை”, பிறகு “சீரியஸ்”, பிறகு ஆளைப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு வந்து, இருத்தி, தண்ணீர் கொடுத்து... படி படியாகத்தான். உதாரணத்துக்கு, என் மனைவி திரேசா ஊரில் இறந்தபோது நான் இங்கே இருந்தேன். மைத்துனர் எடுத்து, “அக்காவுக்குக் கொஞ்சம் சீரியஸ், வெளிக்கிட்டு வாங்கோ” என்றார். நான் அவளுடைய முழங்காலுக்கு ஒரு பட்டி வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். விமானத்தில் அவள் எனக்கு உயிரோடு இருந்தாள். அந்தப் பயணத்தை அவர் எனக்குத் தந்தார். அது அன்பு.

கிழவர் சிரித்தார். “சின்ன வயசில இருந்தே அவள் மென்று தின்னமாட்டாள். கோழிச் சூப்பில தேசிப்புளி விட்டுக் குடிக்கச் சொல்லும். எல்லாம் சுகமாகும்.”

அவர் சொன்னபடியே, எலுமிச்சம்புளியையும் விடாமல், ரெலிபோனில் சொன்னேன்.

ரொசெல்லா கேட்டார்: “அவ்வளவுதான் சொன்னாரோ?”

“ஓம்.”

“சரி மாஸ்ரர். நன்றி.”

தகப்பன் கலங்கவில்லை என்பது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெப்ரவரி 6

கொன்சலாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டாள்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்? இவையள் எங்கட ஆக்களில்லை. புற்றுநோய் வருத்தமெண்டா அப்பிடியே சொல்லுவினம். அந்த மனுசி சொல்லச் சொன்னதெல்லோ?”

“சொல்லாமல் விடுவனோ? பனிக்காலம் முடியட்டும். கிழவன் கொஞ்சம் தேறட்டும்.”

“அம்மா செத்தது கொழும்பில இறங்கினாப் பிறகுதான் உங்களுக்குச் சொன்னது. எயார்போட்டில நீங்கள் நிண்ட நிலை எனக்குத் தெரியும் அப்பா. மாமா போனில சொன்னவர்.”

“மாமாவுக்கு என்ன தெரியும்? நான் நல்லாத்தான் நிண்டன்.”

அவள் கத்தியை எடுத்து மிச்ச மீனை வெட்டினாள்.

பெப்ரவரி 11, ஞாயிறு

ரொசெல்லா கேட்ட முதல் கேள்வி: “எல்லாத்தையும் அப்பாட்டச் சொன்னீங்களோ?”

“ஓம்” என்றேன். நோய் என்று சொன்னேன்தானே. மருந்து என்றும் சொன்னேன்.

குரல் இளைத்திருந்தது. அதனால் நானாகவே கிழவரிடம், “தொரினோவுக்கு ஒருக்கால் போய்ப் பாப்பமோ? நானும் கூட வாறன்” என்று கேட்டேன். அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். “இந்தக் காலோடயோ? இந்தக் குளிருக்கையோ? வயித்துப் புண்ணுக்கு ஆரும் ரயில் ஏறிப் போவினமோ? உயிர்த்த ஞாயிறுக்கு அவளை இஞ்ச வரச் சொல்லும். கடற்காத்துப் பட்டாச் சுகமாகும்.”

வயிற்றுப் புண் என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னேன். காலைப் பற்றி, குளிரைப் பற்றி, கடற்காற்றைப் பற்றி.

“சரி” என்றார் ரொசெல்லா. ‘கெட்டிக்காரன்’ என்று சொல்லாமல் வைத்துவிட்டார்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இன்று ரொசெல்லா அழைப்பு எடுக்கவில்லை. கிழவர் ரெலிபோனுக்குப் பக்கத்துக் கதிரையில் பொழுது படும்வரை இருந்தார். மணி அடித்தால் அவருக்குக் கேட்காது. அதனால் ரெலிபோனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“பனியில சறுக்கி விளையாடப் போயிருப்பாள்” என்றார். “அவளுக்கு அந்தப் பைத்தியம் இருக்கு.”

பெப்ரவரி 20

மாடிப்படியில் நின்று என் கைத்தொலைபேசியிலிருந்து ரொசெல்லாவின் எண்ணுக்கு எடுத்தேன். கிழவரின் பேர்த்தி, ரொசெல்லாவின் மகள் இலாரியா பேசினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளை. படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுத் தாயோடு இருக்கிறாளாம்.

“அம்மா படுத்திருக்கிறா. கதைக்க மாட்டா.”

ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. “தாத்தா அம்மாவைக் கட்டிக் கொஞ்சச் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ.”

“அது தாத்தா சொன்னதோ, நீங்கள் சொல்லுறதோ?”

“தாத்தாதான் சொன்னவர்.”

“அப்பிடியெண்டா ஏன் வரேல்லை?”

ஒத்திகை பார்க்காத கேள்வி. தொடர்பு சரியில்லை, பிறகு எடுக்கிறேன் என்றேன். அந்த வசனம் எனக்கு நன்றாகப் பாடம். மருந்துக் கடைக்காரியிடம் நான் தடுமாறும்போதெல்லாம் உதவியது அதுதான்.

பெப்ரவரி 27

இன்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். வசனங்களையும் அடுக்கி வைத்திருந்தேன். போனால் கிழவருக்கு நெஞ்சுச்சளி, காய்ச்சல். வைத்தியருக்கு எடுத்தேன், வந்து பார்த்தார். இந்த நிலையில் எப்படிச் சொல்வது.

சளி பிடித்தது நல்லது என்று ஒரு கணம் தோன்றியது. உடனே அந்த நினைப்பை விரட்டினேன்.

மார்ச் 5

காய்ச்சல் விட்டுவிட்டது. சவரம் செய்யும்போது கன்னத்தை இழுத்துப் பிடித்தபடி, “சொல்லவேணும்” என்று தொடங்கினேன். சவரக்கத்தி கையில் இருக்கும்போது சொல்லக்கூடாது என்று நிறுத்தினேன். முகத்தைத் துடைத்துவிட்ட பிறகு அவரே தொடங்கிவிட்டார்.

“மாஸ்ரர், ரொசெல்லாவின்ர அறைக்குப் பெயின்ற் அடிக்கவேணும். உயிர்த்த ஞாயிறுக்கு வருவாள். பழைய மஞ்சள்தான் அவளுக்குப் பிடிக்கும். பெயின்ற்காரனுக்கு எடும்.”

எடுத்தேன். அறை எவ்வளவு அகலம், சுவரில் ஈரம் உண்டா, எத்தனை பூச்சு, எப்போது முடிய வேண்டும், எல்லாம் கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். துண்டில் எழுதவில்லை. ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. இந்த மொழியில் நான் பேசிய மிகச் சிறந்த ரெலிபோன் பேச்சு அதுதான்.

“பாரும்,” என்று கிழவர் என் முதுகில் தட்டினார். “நீர் இப்ப பலெர்மோக்காரன்!”

மார்ச் 9

அறை முழுக்கப் பெயின்ற் மணம். மஞ்சள் நன்றாகப் பிடித்திருக்கிறது. கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டினேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் மணி அடித்தது. கிழவர் சன்னலோரம் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

இலாரியா. “அம்மா நேற்றுச் செத்துப்போனா” என்றாள்.

எங்கள் ஆட்கள் என்றால் “சீரியஸ்” என்றிருப்பார்கள். அது எந்தச் சீரியஸ் என்று குரலை வைத்து நான் பிடித்திருப்பேன். பிடிக்காததுபோல நடந்தும் இருப்பேன். இந்தப் பிள்ளை ஒரே வசனத்தில் சொல்லிவிட்டாள். இருக்க இடம் தேடினேன். வயர் எட்டவில்லை.

“வியாழக்கிழமை அடக்கம். தாத்தாட்டச் சொல்லுங்கோ. இன்னொண்டும் சொல்லுங்கோ. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் போனைக் கட்டில்ல வைச்சுக்கொண்டு கிடந்தவ. தான் எடுக்கிறதுக்கில்லை. இந்தமுறை அவராய் எடுப்பார் எண்டு. சாகப்போறன் எண்டு சொன்ன மகளுக்கு அவர் சூப் குடிக்கச் சொன்னவர். அம்மா அதைச் சொல்லிச் சிரிச்சவ. பிறகு சிரிக்கேல்லை.”

அவள் நிறுத்தினாள். நான் மூச்சு விடுவது எனக்கே ரெலிபோனில் கேட்டது.

“கேக்குதோ? நான் சொல்லுறது விளங்குதோ உங்களுக்கு?”

“விளங்குது, பிள்ளை.”

வைத்துவிட்டாள். கிழவர் ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.

“ஆர்?”

“பிழையான நம்பர்” என்றேன்.

மார்ச் 13, புதன்

இரவு விஷயத்தைச் சொன்னபோது கொன்சலா என்னோடு கத்தவில்லை. கத்தியிருக்கலாம். விடிந்ததும், “நான் வரட்டோ? நான் சொல்லுறன்” என்றாள்.

“நீ சொன்னா அவருக்குப் பிடிபடாது. என்ர வாய்தான் விளங்கும்.”

“அப்ப நீங்களே போய்ச் சொல்லுங்கோ. படி கிடி ஒண்டும் வேண்டாம் அப்பா. ஒரேயடியாச் சொல்லுங்கோ.”

சவரம் செய்யவில்லை. அவருக்கு எதிரே கதிரையை இழுத்துப் போட்டு, முழங்காலோடு முழங்கால் முட்ட இருந்து, “ரொசெல்லா செத்துப்போனா” என்றேன். இத்தாலியனில் அது மிகவும் சின்ன வசனம்.

அவர் என் வாயைப் பார்த்தார். இன்னொரு தடவை சொல் என்று கையால் காட்டினார். சொன்னேன்.

“எப்ப?”

“முந்தநாள்.”

“வயித்துப் புண்ணிலயோ?”

“இல்லை.”

பிறகு எல்லாம் சொன்னேன். கணையம், ஈரல், கோடை. பெப்ரவரி முதல் ஞாயிறு ரொசெல்லா சொன்னது, நான் அவருக்குச் சொன்னது. அடுத்த ஞாயிறு கேட்டது, நான் சொன்ன பதில். மாடிப்படியில் நின்று பேசியது. நேற்று வந்தது பிழையான நம்பர் இல்லை என்பது. நான் வேகமாகப் போனால் அவர் கையை உயர்த்தினார், நான் நிதானித்தேன். எந்தப் பாடத்தையும் நான் இவ்வளவு தெளிவாக நடத்தியதில்லை.

முடிந்ததும் கேட்டார்.

“சூப் குடிக்கச் சொன்னது. அதை அவளுக்குச் சொன்னனீரோ?”

“சொன்னனான்.”

“நான் சொன்னபடியேவோ?”

“நீங்கள் சொன்னபடியே.”

“தேசிப்புளியும்?”

“ஓம்.”

அவர் தலையை ஆட்டினார். “என்ர சொல்லை மட்டும் நீர் மாத்தேல்லை.”

அடிப்பார் என்று நினைத்தேன். போ என்பார் என்று நினைத்தேன். எழும்பி, மேசையைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், ரெலிபோனுக்குப் பக்கத்தில் நின்றார்.

“இலாரியாவுக்கு எடும். தாத்தாவுக்குத் தெரியாது எண்டு சொல்லும். ஏன் தெரியாது எண்டும் சொல்லும். நான் இண்டைக்கே வெளிக்கிடுறன் எண்டும் சொல்லும். காலும் குளிரும் ஒண்டும் எனக்கு வேண்டாம்.”

எடுத்தேன். தோளில் கை வந்து விழுந்தது.

“இலாரியா, தாசன் கதைக்கிறன். அம்மாவுக்கு வந்த வருத்தம் என்னவெண்டு தாத்தாவுக்குத் தெரியாது. அம்மா சொன்னதை நான் அவருக்குச் சொல்லேல்லை. வயித்துப் புண் எண்டு சொன்னனான். இண்டைக்குத்தான் எல்லாம் சொன்னனான். தாத்தா வாறார்.”

அவள் மெல்லக் கேட்டாள். “ஏன்?”

தமிழில் என்னிடம் எத்தனையோ பதில் இருந்தது. அவருடைய வயது, எங்கள் வழக்கம், விமானத்தில் உயிரோடு இருந்த திரேசா. ஒவ்வொன்றாக எடுத்து இத்தாலியனில் வைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நிற்கவில்லை.

“எனக்குத் தெரியேல்லை” என்றேன்.

அவள் அழுவது கேட்டது. நான் ரெலிபோனைக் காதில் வைத்தபடி நின்றேன். கிழவரின் விரல்கள் தோளில் இறுகின. என்ன சொல்கிறாள், என்ன சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அழுகை நின்றது. “தாத்தாவை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ,” என்றாள். “அம்மா அவரை எதிர்பாத்துக்கொண்டு கிடந்த கட்டிலை இன்னும் எடுக்கேல்லை. அதுக்குப் பக்கத்தில அவர் வந்து நிக்கிறதை என்னால பாக்கேலாது. அவருக்குத் தெரியாதெண்டாலும் ஏலாது. இதையாவது அப்பிடியே சொல்லுங்கோ.”

தொடர்பு அறுந்தது.

நான் ரெலிபோனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். எத்தனை மென்மையான வசனங்கள் நாக்கு நுனியில் வந்து நின்றன என்று எழுத வெட்கமாக இருக்கிறது. பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள். கொஞ்ச நாள் போகட்டும் என்கிறாள். எல்லாம் நல்ல இத்தாலியனில், ஒரு பிழையும் இல்லாமல்.

அவள் சொன்னதைச் சொன்னேன். வரவேண்டாம் என்றதையும், கட்டிலையும், தெரியாதென்றாலும் ஏலாது என்றதையும். ஒன்றைக் கூட்டவில்லை, ஒன்றை விடவில்லை. சொல்லி முடித்து வாயை மூடினேன்.

கை தோளிலேயே இருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார், இன்னும் ஏதோ வர இருக்கிறது என்பதுபோல.